மண்ணடியில் மூன்று இரவுகள்

"அக்கா, பள்ளி விடுமுறைக்குச் சென்னைக்கு வரலாம் என்றிருக்கிறோம். தியாகராய நகர்ப் பக்கம் நல்ல லாட்ஜாக ஒன்று சொல்லுங்கள்" என்று திருநெல்வேலியிலிருந்து சித்தி மகன் பேசினான். அவன், அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள், சித்தி என்று ஐந்து பேர். மூன்று இரவு. "வடசென்னையில், மண்ணடியில் தங்கு" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாக, "சின்னப் பிள்ளைகள் வருகிறார்களே அக்கா" என்றான்.

அவன் சொல்லாமல் விட்டது எனக்குப் புரிந்தது. பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள் நான். கல்லூரியில் கேட்டிருக்கிறார்கள், வேலைக்குச் சேர்ந்த இடத்தில் கேட்டிருக்கிறார்கள், பெண் பார்க்க வந்தவர்கள்கூடக் கேட்டிருக்கிறார்கள்: "வண்ணாரப்பேட்டையா? ராத்திரியில் பஸ் இறங்கி எப்படி நடந்து போவாய்?" இத்தனை வருடமாக நடந்துதான் போகிறேன். கேட்கிற ஒவ்வொரு முறையும் மனம் நோகத்தான் செய்கிறது.

ஆனால் ஊர்ப் பெருமைக்காகத் தம்பியிடம் மண்ணடியைச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்காகச் சொன்னேன். வடசென்னையின் சாப்பாடு நேரத்துக்குக் கட்டுப்பட்டது. காலை ஆறு மணிக்குத் தெருமுனையில் ஆவி பறக்கும் இட்லிக் குண்டான் எட்டரை மணிக்குக் கழுவிக் கவிழ்த்தப்பட்டிருக்கும். மாலை ஐந்து மணிவரை வெறும் நடைபாதையாகக் கிடந்த இடத்தில் ஆறரைக்கு அடுப்பு எரியும், கூட்டம் நிற்கும். மீன் விடிவதற்கு முன்னால், பாதாம் பால் இருட்டிய பிறகு. தியாகராய நகரில் அறை எடுத்து, குளித்து, பூரி சாப்பிட்டுப் பதினோரு மணிக்குப் பாரிமுனையில் வந்து இறங்குகிறவர்களுக்கு வெயிலும் நெரிசலும்தான் கிடைக்கும். பிறகு ஊருக்குப் போய், "ஒன்றுமில்லை, ஒரே தள்ளுமுள்ளு" என்பார்கள். இங்கே சாப்பிட வேண்டுமானால் இங்கே தூங்க வேண்டும், இங்கே கண்விழிக்க வேண்டும். இதைத்தான் அவனிடம் அரைமணி நேரம் சொன்னேன். சித்தியிடம் போனைக் கொடுக்கச் சொல்லி அவளிடமும் சொன்னேன். சித்தி சம்மதித்தாள், நான் கூடவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

தங்குவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பகுதியில் அறைகள் கிடைக்கும் இடங்கள் நாலைந்துதான். சென்ட்ரல் ரயில் நிலையத்தையொட்டிப் பெரியமேடு, பக்கவாட்டில் வால்டாக்ஸ் சாலை, உள்ளே சௌகார்பேட்டை, கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பிராட்வே, மண்ணடி. இதற்கு வடக்கே ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் எல்லாம் மக்கள் குடியிருக்கும் பேட்டைகள். வெளியூர்க்காரர்களை நம்பி லாட்ஜ் நடத்தும் வழக்கம் அங்கே குறைவு. சௌகார்பேட்டையில் வடநாட்டு வணிகச் சமூகங்கள் நடத்தும் தர்மசாலைகள் உண்டு. சுத்தமாக இருக்கும், ஆனால் யார் தங்கலாம், எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுப்பாடு. அசைவம் வாசற்படியைத் தாண்டக் கூடாது. மீன் சாப்பிட வருகிறவர்களுக்கு அது சரிவராது.

நான் சொல்வதற்கு முன்பே தம்பி போனில் படம் பார்த்து வால்டாக்ஸ் சாலைப் பக்கம் ஓர் அறைக்கு முன்பணம் கட்டியிருந்தான். வெள்ளிக்கிழமை காலையில் நானும் அவர்களோடு போனேன். படத்தில் பெரிதாகத் தெரிந்த ஜன்னலைத் திறந்தால் ஒரு முழம் தள்ளி அடுத்த கட்டடத்தின் சுவர். மெத்தையில் ஈர வாடை. மதில்வரிக்குப் பெயர் போன சாலை அது. வெள்ளைக்காரன் நகரைச் சுற்றி மதில் எழுப்பி, அதற்கு மக்களிடம் வரி கேட்டதால் வந்த பெயர்தான் வால்டாக்ஸ். இப்போது அங்கே பார்சல் லாரி ஆபீஸ்கள் வரிசையாக இருக்கின்றன. சரக்கு ஏற்றுவதும் இறக்குவதும் இரவில்தான். பெட்டி விழுகிற சத்தத்தில் குழந்தைகள் எப்படித் தூங்கும்? கட்டிய முன்பணத்தில் பாதி போனால் போகட்டும் என்று ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டோம்.

மண்ணடியில் நாங்கள் பிடித்த அறை பெரிய இடமில்லை. மூன்றாவது மாடி, இரண்டு கட்டில் போட்ட இரண்டு அறைகள், நடுவில் ஒரு நடை. ஆனால் ஜன்னல் தெருவைப் பார்த்திருந்தது, காற்று வந்தது. இந்தப் பகுதியில் அறை பார்க்கும்போது நான்கு விஷயம் கேட்டுவிடுங்கள். குழாயில் உப்புத் தண்ணீரா, லாரித் தண்ணீரா. இரவு எத்தனை மணிக்குக் கேட்டைப் பூட்டுவார்கள், விடியற்காலை மூன்றரைக்கு எழுப்பினால் திறப்பார்களா. வயதானவர்கள் இருந்தால் லிப்ட் உண்டா. ஜன்னலைத் திறந்து காட்டுவார்களா. குளிர்சாதனம் உண்டா என்பதையெல்லாம் அவர்களே சொல்லிவிடுவார்கள். வாடகை தென்சென்னையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். சொகுசு எதிர்பார்த்தால் ஏமாற்றம். நடைபாதை என்று ஒன்று பெரும்பாலான தெருக்களில் கிடையாது, சாக்கடை மூடி திறந்திருக்கும், மழை பெய்தால் தேங்கும். இதையும் சித்தியிடம் முன்கூட்டியே சொல்லித்தான் அழைத்திருந்தேன்.

வந்து சேருவது சுலபம். விமான நிலையத்திலிருந்து வருகிறவர்கள் விம்கோ நகர் போகும் மெட்ரோவில் ஏறினால் மாறாமலே மண்ணடியில் இறங்கலாம். தாம்பரத்தில் ரயில் இறங்குகிறவர்கள் மின்சார ரயிலில் கடைசி நிலையமான கடற்கரைக்கு வந்தால் போதும். சாலையைத் தாண்டினால் பர்மா பஜார், அதற்குப் பின்னால் மண்ணடி. 1931 முதல் ஓடுகிற தடம் அது. அப்பா பல்லாவரத்தில் மாற்றலாகியிருந்த இரண்டு வருடமும் அந்த ரயிலில்தான் போய் வந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தோ, பர்மா வழி வந்த நூடுல்ஸ்.

இதைப் பற்றி நான் கொஞ்சம் நின்று பேசியாக வேண்டும். 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. அடுத்த ஓரிரு வருடத்தில் கடைகளும் வியாபாரமும் நாட்டுடைமை ஆயின. தலைமுறைகளாக ரங்கூனில் வாழ்ந்த தமிழர்கள் கையில் கிடைத்ததோடு கப்பலேறி இந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்காகத்தான் கடற்கரைச் சாலையோரம் பர்மா பஜார் உருவானது. வியாசர்பாடியில் குடியிருப்பு அமைந்தது. பஜாரில் வெளிநாட்டுச் சாமான் விற்றவர்களின் வீட்டுச் சமையல், பசிக்கு விற்கிற பண்டமாகத் தெருவுக்கு வந்தது. இரண்டாவது கடற்கரைச் சாலையில் மாலையில் வரிசையாக நிற்கும் அத்தோ கடைகள் அப்படி வந்தவை. பர்மிய மொழியில் அதோக் என்றால் பிசைந்து கலந்தது. பிசைவதுதான் அந்தப் பண்டத்தின் உயிர்.

நாங்கள் போன கடையில் ஓர் அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் அலுமினியப் பேசின். வலக்கைப் பக்கம் செம்மஞ்சள் நிறத்தில் தட்டை நூடுல்ஸ், அவித்து எண்ணெய் தடவிய மலை. இடப்பக்கம் மயிரிழை போல அரிந்த முட்டைக்கோஸ், வெங்காயம், கொத்தமல்லி. எதிரே சின்னச் சின்ன டப்பாக்கள்: பொரித்த வெங்காயம், பூண்டு பொரித்த எண்ணெய், புளிக்கரைசல், வறுத்த மிளகாய்த் தூள், உப்பு. ஒரு பிடி நூடுல்ஸை அள்ளிப் போட்டார். கோஸ் ஒரு பிடி. டப்பாக்களைப் பார்க்காமலே கை ஒவ்வொன்றாகப் போய் வந்தது. பேஜோ என்று தட்டை போல மொறுமொறுவென்று ஒன்று இருக்கிறது. அதை உள்ளங்கையில் வைத்து ஒரே அழுத்தாக நொறுக்கிப் போட்டார். எலுமிச்சை பிழிந்தார். பிறகு ஐந்து விரலாலும் கீழிருந்து மேலாக மூன்று முறை புரட்டினார். மூன்றே முறைதான். நான்காவது முறை புரட்டினால் பேஜோ நமுத்துவிடும் என்றார். தட்டில் வைத்துத் தரும்போதே பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வாழைத்தண்டு சூப் சுடச்சுட வந்துவிடுகிறது. புளிப்பும் காரமுமான அந்த ஆறிய நூடுல்ஸ் ஒரு வாய், கொதிக்கிற சூப் ஒரு வாய் என்று மாறி மாறிச் சாப்பிட வேண்டும். சூப்பையே ஊற்றித் தருவதை மொய்ங்கா என்பார்கள். பர்மாவில் அது மீன் போட்டுக் காய்ச்சுவது. இங்கே பல கடைகளில் வாழைத்தண்டு மட்டும்தான், சைவக்காரர்களும் சாப்பிடலாம்.

சித்தி முதலில் வேண்டாம் என்றாள். கையால் பிசைந்து தருகிறார்களே என்று தயக்கம். அந்த அண்ணன் அதைக் கவனித்துவிட்டார். ஒரு மசாலா முட்டையை எடுத்தார். அவித்த முட்டை, நடுவில் கீறல். கீறலுக்குள் பொரித்த வெங்காயம், பூண்டு, மிளகாய்த் தூள், கொஞ்சம் புளிக்கரைசல், ஒரு சொட்டுப் பூண்டெண்ணெய். "அம்மா, இதை மட்டும் வாயில் போட்டுக்கொள்ளுங்கள், காசு வேண்டாம்" என்றார். முழுதாகத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். கடித்தால் எண்ணெய் புடவையில் வழியும். சித்தி வாயைப் பொத்திக்கொண்டு மென்றாள். இரண்டாவது முட்டைக்கு அவளே கையை நீட்டினாள். மொத்தம் நான்கு சாப்பிட்டாள், நான்குக்கும் காசு வாங்கிக்கொள்ளச் சொல்லி அவரோடு வாதாடினாள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எல்லாரையும் எழுப்பி, மெட்ரோவில் ஒரே நிறுத்தம், வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவுக்கு அழைத்துப் போனேன். ஆயா கடை. வடசென்னையில் எந்தப் பேட்டைக்குப் போனாலும் இப்படி ஒரு கடை இருக்கும். பெயர்ப் பலகை கிடையாது. வீட்டு வாசற்படியில் ஒரு ஸ்டவ், ஒரு இட்லிக் குண்டான், பக்கத்தில் ஆப்பச்சட்டி, தூக்குவாளியில் தேங்காய்ப் பால். விற்கிறவரை எல்லாரும் ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள், அவருக்கு என்ன வயதானாலும் சரி. இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி ஒன்று, கறிவேப்பிலை மிதக்கும் காரச் சட்னி ஒன்று. சனி, ஞாயிறு என்றால் வடகறி. வடகறியைப் புதிதாகப் பார்க்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: கடலைப்பருப்பை ஊறவைத்து அரைத்து, வடை போலப் பொரித்தோ ஆவியில் வேகவைத்தோ உதிர்த்து, பட்டை, கிராம்பு, சோம்பு தாளித்த மசாலாவில் கொதிக்கவிடுவது. இட்லியை அதில் மூழ்கடித்துச் சாப்பிட வேண்டும். ஆயா தட்டில் வாழையிலைத் துண்டு போட்டு இட்லி வைத்தார். தம்பியின் சின்ன மகளைப் பார்த்து, "உறைக்குமா கண்ணு?" என்று கேட்டு, அவளுக்கு மட்டும் ஆப்பத்தில் தேங்காய்ப் பாலை ஊற்றிச் சர்க்கரை தூவினார். நான் அந்த வாசலில் பள்ளிச் சீருடையோடு நின்று ஆப்பம் சாப்பிட்டிருக்கிறேன். அப்போது இந்த ஆயாவின் மாமியார் ஆயாவாக இருந்தார்.

ஏழே முக்காலுக்கு வடகறி தீர்ந்துவிட்டது. எங்களுக்குப் பின்னால் வந்த ஒருவர் வெறும் சட்னியோடு வாங்கிப் போனார்.

பகலில் சாப்பாட்டைவிடச் சுற்றுவதுதான் நல்லது, அதுவும் பத்து மணிக்குள். மண்ணடி, பாரிமுனை, சௌகார்பேட்டை எல்லாம் அடங்கிய இந்தப் பகுதிக்கு ஜார்ஜ் டவுன் என்ற பெயர் 1911இல் ஜார்ஜ் மன்னர் முடிசூட்டிக்கொண்ட வருடம் வந்தது. அதற்கு முன் கருப்பர் நகரம். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரின் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்து, மூன்று வருடம் கழித்து ஆங்கிலேயரிடம் திரும்பத் தந்தார்கள். அந்தக் காலத்தில்தான் கோட்டை மதிலையொட்டியிருந்த பழைய கருப்பர் நகரம் இடித்துத் தள்ளப்பட்டது. அந்த இடத்தில்தான் இன்று 1892இல் கட்டிய உயர் நீதிமன்றம் நிற்கிறது. கோட்டைக்கும் புதிய நகரத்துக்கும் நடுவே இனி எதுவும் கட்டக் கூடாது என்று எல்லைத் தூண்கள் நட்டார்கள். பாரிமுனையில் ஒரு தூண் இன்னும் இருக்கிறது. நூறு முறை அதைக் கடந்து போனவர்களுக்குக்கூட அது எதற்கு நிற்கிறது என்று தெரியாது. தம்பியின் மகனுக்கு அதைக் காட்டினேன், தொட்டுப் பார்த்தான்.

உள்ளே தெருவுக்கு ஒரு சரக்கு. கோடவுன் தெருவில் துணி, ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும், தேவராஜ முதலி தெருவில் கண்ணாடி, வளையல், பூஜைச் சாமான், பத்ரியன் தெருவில் பூ. அப்பா ஆண்டர்சன் தெருவில் ஒரு காகிதக் கடையில் இருபத்தெட்டு வருடம் கணக்கு எழுதினார், அதனால் அந்தத் தெருவில் காகித வாசனை வந்தாலே எனக்கு நடை தானாக மெதுவாகிவிடும். தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள். 1677இல் சத்ரபதி சிவாஜி வந்து வணங்கினார் என்று கோயிலில் எழுதி வைத்திருக்கிறார்கள். அரண்மனைக்காரன் தெருவில் 1772இல் எடுத்துக் கட்டிய ஆர்மீனியர்களின் தேவாலயம். அரண்மனைக்காரன் என்பதே ஆர்மீனியன் திரிந்த பெயர் என்பார்கள். அதற்குப் பக்கத்தில் அந்தோணியார் கோயில், செவ்வாய்க்கிழமையானால் எல்லா மதத்தவரும் மெழுகுவத்தியோடு நிற்பார்கள். கந்தகோட்டம் வள்ளலார் சின்ன வயதில் பாடிய முருகன் சன்னதி. சித்தி அங்கே உட்கார்ந்து "ஒருமையுடன் நினது திருமலரடி நினைக்கின்ற" என்று மெதுவாகச் சொன்னாள். முழுப் பாட்டும் அவளுக்கு மனப்பாடம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மதியச் சாப்பாடு மண்ணடியில் பிரியாணி. பெயர் சொல்ல வேண்டிய அவசியமில்லை. பன்னிரண்டரை மணிக்குத் தேக்சா திறக்கும்போது எந்தக் கடை வாசலில் அந்தத் தெருக்காரர்களே தூக்குச் சட்டியோடு நிற்கிறார்களோ அங்கே போங்கள். இரண்டு மணிக்கு மேல் போனால் அடியில் ஒட்டியதுதான்.

இரவு தங்கசாலைத் தெரு. ஆங்கிலத்தில் மின்ட் ஸ்ட்ரீட், நாணயம் அடித்த இடத்தால் வந்த பெயர். குஜராத்தி, மார்வாடி வணிகர்களின் தெரு. சௌகார் என்றால் வணிகர், அதனால் சௌகார்பேட்டை. பகலில் இங்கே மீன்பாடி வண்டிகளும் மோட்டார் சைக்கிளும் ஒன்றையொன்று மோதாமல் போவதே அதிசயம். இருட்டினால் தெருவின் வேலை மாறிவிடுகிறது. காக்கடா ராம்பிரசாத் கடையில் அகலமான வாணலியில் பாதாம் பால் காய்ந்துகொண்டே இருக்கும். ஆடை ஒதுங்க ஒதுங்கத் துழாவி, கெட்டியாக ஊற்றித் தருவார்கள். பக்கத்திலேயே ஜிலேபி பிழிவார்கள். சூடான ஜிலேபி ஒரு கையில், பாதாம் பால் ஒரு கையில் என்று வாசலில் நின்றபடியே சாப்பிடுவதுதான் முறை. என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் டிபன் கடையில் மாலையில் நெய் இட்லியும் ஊத்தப்பமும் மட்டும். இட்லிகளைப் பொடி தூவி நெய்யில் குளிப்பாட்டித் தருவார்கள். சௌகார்பேட்டைக்கே உரிய இன்னொன்று முறுக்கு சாண்ட்விச். ரொட்டிக்குப் பதில் இரண்டு சின்ன முறுக்கு, நடுவில் வெள்ளரி, தக்காளி, வெங்காயம், பச்சைச் சட்னி. முறுக்கு நம்முடையது, உள்ளே இருப்பது அவர்களுடையது. பிள்ளைகள் இரண்டும் மறுநாள் இரவும் அதைத்தான் கேட்டன.

குடிப்பதற்கு வேறென்ன என்று கேட்டால், லஸ்ஸி இந்தத் தெருவில் நன்றாக இருக்கும். மண்ணடிப் பக்கம் தேநீர், கூடவே வெங்காய சமோசா. வெயிலுக்கு நன்னாரி சர்பத், பன்னீர் சோடா. ஆடி மாதம் வந்தால் தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் கேழ்வரகுக் கூழ் ஊற்றுவார்கள். சொம்பை நீட்டினால் போதும், ஊர் கேட்க மாட்டார்கள். மற்ற நாளில் தள்ளுவண்டியில் கிடைக்கும், மோர் மிளகாயும் மாங்காயும் கருவாடும் தொட்டுக்கொள்ள. மதுக்கடை பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. அரசுக் கடைகள் நண்பகல் பன்னிரண்டு முதல் இரவு பத்துவரை திறந்திருக்கும். எங்கள் பேட்டைகளில் அந்தக் கடை வாசல்களில் நான் பார்த்தவை போதும்.

ஞாயிற்றுக்கிழமை காசிமேடு. மூன்றரைக்கே அறையைவிட்டுக் கிளம்பினோம். சித்தியும் வந்தாள். ஆட்டோவில் பத்து நிமிடம். போகும் வழியில் ராயபுரம் ரயில் நிலையத்தை நிறுத்திக் காட்டினேன், இருட்டில் தூண்கள் மட்டும் தெரிந்தன. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா சாலைக்குக் கிளம்பியது. இந்தியாவில் இன்றும் நிற்கிற மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் இதுதான். அதற்கு இன்னும் கொஞ்சம் மரியாதை கிடைத்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

துறைமுகத்தில் விளக்கு வெளிச்சத்தில் விசைப்படகுகளிலிருந்து கூடை கூடையாக மீன் இறங்கிக்கொண்டிருந்தது. ஏலம் விடுகிறவரின் குரல் ஒரு மூச்சில் ஐந்து விலை சொல்லும். நமக்குப் புரிவதற்குள் கூடை கைமாறிவிடும். வியாபாரிகள் எடுத்தது போக, விடிகிற நேரத்தில் சில்லறைக்கு உட்காருவார்கள்: வஞ்சிரம், வவ்வால், சங்கரா, கிழங்கான், நெத்திலி, கடம்பா என்கிற கணவாய், இறால். செவுளைத் தூக்கிப் பார்த்துச் சிவப்பாக இருந்தால் வாங்கலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். என் அம்மா கண்ணையும் பார்ப்பாள்; குழிவிழாமல் பளபளவென்று முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வாங்கிய மீனை வரிசையாக அரிவாள்மனை போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் கொடுத்தால் செதிள் உரித்துத் துண்டு போட்டுத் தருவார்கள். சித்தி ஒருவர் பக்கத்தில் நெடுநேரம் நின்றிருந்தாள். வஞ்சிரத்தை அவர் அறுத்த வேகம் அப்படி. துண்டுகள் எல்லாம் ஒரே தடிமன், கை ஒருமுறைகூட நிற்கவில்லை. நெய்தல் நிலத்துப் பெண் வேறு, தாமிரபரணிக் கரைப் பெண் வேறு; இருவரும் தங்கள் ஊர் மீன் பெயர்களைச் சொல்லிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, மீன்கள் இனம் பெருக்கும் காலம் என்று தடை. அந்த நாளில் வருகிறவர்களுக்குக் காசிமேடு பாதிதான். கோடை விடுமுறைக்காரர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தம்பியை நான் காலாண்டு விடுமுறைக்கு வரச் சொன்னது இதற்காகத்தான்.

லாட்ஜில் சமைக்க முடியாது. மீனை என் வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மா கையில் கொடுத்தோம். வீடு இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். காசிமேடு, ராயபுரம் பக்கம் மதியம் பன்னிரண்டுக்கு மேல் வீட்டு வாசலிலேயே மீன் சாப்பாடு போடும் சின்னக் கடைகள் நிறைய. புளியும் மாங்காயும் போட்ட குழம்பு, நெத்திலி வறுவல், கடம்பாத் தொக்கு. சுறாப் புட்டு இருந்தால் விடாதீர்கள்: சுறாவை வேகவைத்துத் தோல் நீக்கி உதிர்த்து, வெங்காயமும் பூண்டும் வதக்கிப் புரட்டுவது. பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பால் சுரக்கும் என்று எங்கள் பக்கம் அதைத்தான் முதலில் கொடுப்பார்கள்.

அன்று மாலை மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடிக்குப் போய் வடிவுடையம்மனைப் பார்த்தோம். சுந்தரர் சங்கிலியாரை மணந்த மகிழ மரத்தடி. வழியில் காலடிப்பேட்டை என்ற நிலையத்தின் பெயரைப் பார்த்துத் தம்பி, யாருடைய காலடி என்று கேட்டான். காலடியும் இல்லை ஒன்றும் இல்லை. 300 வருடத்துக்கு முன் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களுக்காக ஏற்படுத்திய ஊர். காலெட்பேட்டை தமிழ் நாக்கில் காலடிப்பேட்டை ஆனது.

ஞாயிறு இரவில் மண்ணடியும் பாரிமுனையும் வேறு ஊர். மொத்தக் கடைகள் எல்லாம் பூட்டியிருக்கும். வாரம் முழுக்க மறைந்திருந்த வீடுகளின் மாடங்களும் மரத் தூண்களும் அப்போதுதான் கண்ணில் படும். இரவு பத்தரைக்குத் தம்பி மனைவியும் நானும் மட்டும் அந்தத் தெருக்களில் நடந்தோம். ஒரு திண்ணையில் கேரம் விளையாடிக்கொண்டிருந்த பையன்கள் ஸ்டிரைக்கரை நிறுத்தி, நாங்கள் போக வழி விட்டுக் காலை மடக்கிக்கொண்டார்கள். ராத்திரி எப்படி நடப்பாய் என்று இத்தனை வருடம் கேட்டவர்கள் யாராவது எங்களோடு வந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் எழும்பூரில் ரயில். போவதற்கு முன் சித்தி அத்தோ பார்சல் வாங்க வேண்டும் என்றாள். கடை திறக்கும் முன்பே போய் நின்றோம். அண்ணன் அடுப்பு பற்றவைத்ததும் முதல் பார்சல் எங்களுக்குத்தான். நூடுல்ஸும் கோஸும் ஒரு பொட்டலம், புளிக்கரைசல் ஒரு பை, சூப் ஒரு பை, பேஜோ தனியாகக் காகிதத்தில். "சாப்பிடும்போது நொறுக்கிப் போடுங்கள், இப்போதே கலந்தால் செங்கல்பட்டு வருவதற்குள் வீணாகிவிடும்" என்றார்.

நான்கு நாள் கழித்துச் சித்தி போன் செய்தாள். வீட்டில் மசாலா முட்டை செய்து பார்த்தாளாம். எல்லாம் சரியாக வந்தது, பூண்டு மட்டும் கசக்கிறது, அவரிடம் கேட்டுச் சொல் என்றாள். மறுநாள் மாலை ஆபீஸ் முடிந்து கடற்கரை நிலையத்தில் இறங்கினேன். அவர் கூட்டத்துக்கு நடுவே பிசைந்துகொண்டே நிமிராமல் சொன்னார்: "பூண்டு சிவந்த பிறகு எடுக்கிறார்கள் போலிருக்கிறது. வெளுப்பாக இருக்கும்போதே எண்ணெயிலிருந்து அள்ளிவிடச் சொல்லுங்கள். தட்டில் கிடந்து அதுவே சிவந்துகொள்ளும்." அங்கேயே நின்று சித்திக்கு எண்ணைப் போட்டு, அவர் காதருகே போனைப் பிடித்தேன்.